தேன் நல்லதுதான். யாருக்கு, எதற்கு?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு வயது 62. பல வருடங்களாகச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். சில மாதங்களாகச் சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டு, காலையும் மாலையும் டீயில் தேன் கலந்து குடிக்கிறார். "தேன் இயற்கையானது, சுகரை ஏற்றாது" என்கிறார். போன வாரம் அவருடைய உள்ளங்காலில் சின்னதாக ஒரு புண் வந்தது. அதற்கும் தேனைத்தான் தடவுகிறார். என் ஐந்து வயது மகனுக்கு இரவானால் இருமல். படுக்கும் முன் தேன் கொடுத்தால் ஓரளவு தூங்குகிறான். எட்டு மாதப் பெண் குழந்தைக்கும் சளி. அவளுக்கும் அம்மா இரண்டு முறை விரலில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். நானோ எடை குறையட்டும் என்று காலையில் வெந்நீரில் தேன் கலந்து குடிக்கிறேன். சூடான தண்ணீரில் கலந்தால் தேன் விஷமாகிவிடும் என்று தோழி பயமுறுத்துகிறாள். இப்போது பாட்டிலில் பாதி வெள்ளையாகக் கட்டிவிட்டது. கலப்படமா? தேனின் நன்மைகள் என்று எவ்வளவோ படிக்கிறோம், எதை நம்புவது?
- ஒரு வாசகி

பதில்: ஒரே பாட்டில் தேன், வீட்டில் ஐந்து விதமாகச் செலவாகிறது. அதில் உங்கள் மகனுக்குக் கொடுப்பது சரி. நீங்கள் குடிப்பதால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. அம்மாவின் டீயைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மீதி இரண்டையும் இன்றே நிறுத்த வேண்டும். அவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

எட்டு மாதக் குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் சில சமயம் க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். மண்ணிலும் தூசியிலும் இருப்பவைதான், தேனீயோடு கூட்டுக்குள் வந்துவிடுகின்றன. நீங்களும் நானும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. நம் குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிக் கூட்டம் அந்த வித்துகளை முளைக்க விடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் முழுமையாக அமைந்திருக்காது. அதனால் வித்து அங்கேயே முளைத்து நச்சைச் சுரக்கும். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அந்த நச்சு தடுத்துவிடும். (அந்த நச்சும் நூற்றுக்கு நூறு இயற்கையானதுதான் என்பதை அம்மாவிடம் சொல்லலாம்.)

இந்த நோய்க்குப் பெயர் கைக்குழந்தை பாட்டுலிசம். இது முதன்முதலில் அமெரிக்காவில் 1976-இல்தான் தனி நோயாக அடையாளம் காணப்பட்டது. அரிதான நோய், மறுக்கவில்லை. ஆனால் வந்தால் மூச்சு விடும் தசை வரைக்கும் தளர்ந்து, குழந்தையை வென்டிலேட்டரில் வைக்க வேண்டியிருக்கும். இதற்கு நிறையத் தேனும் தேவையில்லை. 2018-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நான்கு குழந்தைகள் இந்த நோயோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நால்வருமே உள்ளே தேன் அடைத்த சூப்பானைச் சப்பியவர்கள். "கொதிக்க வைத்துக் கொடுத்தால்?" என்ற கேள்வி உடனே வரும். கொதிநீர் இந்த வித்துகளைக் கொல்லாது. அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை போனால்தான் சாகும்.

ஏற்கெனவே இரண்டு முறை நாக்கில் வைத்தாயிற்று. அதற்காகப் பதற வேண்டாம். தேன் தொட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு எதுவும் வருவதில்லை. ஆனால் கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் கவனியுங்கள். முதல் அறிகுறி பெரும்பாலும் மலச்சிக்கல். அப்புறம் பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகை மெலிந்து முனகலாகும், இமைகள் பாதி மூடியபடி தொங்கும். நேற்று வரை நின்ற கழுத்து இன்று துவளும். மலச்சிக்கலோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் உடனே குழந்தைகள் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தேன் கொடுத்த விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் நோயைக் கண்டுபிடிக்கும் நேரத்தைப் பெரிதாகக் குறைக்கும். இதற்கு எதிர்நஞ்சு மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம். நீங்கள் தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால், நீங்கள் தேன் சாப்பிடுவதில் தடை இல்லை. பால் வழியாக இது போகாது.

அடுத்தது அம்மாவின் கால். உங்கள் கடிதத்தில் இதை நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். என்னை அதிகம் கவலைப்படுத்தியது இந்த வரிதான். பல வருடம் சர்க்கரை நோய் உள்ளவருக்கு உள்ளங்காலில் வரும் புண் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சின்ன விஷயம் அல்ல. நரம்பு மரத்திருந்தால் வலி தெரியாது. வலி தெரியாததால் அதே இடத்தில் மிதித்து நடந்துகொண்டே இருப்பார். மேலே காசளவு தெரியும் புண் உள்ளே எலும்பு வரை போயிருக்கலாம்.

தேனுக்குப் புண்ணை ஆற்றும் குணம் உண்டா என்றால், உண்டு. அம்மாவின் நம்பிக்கை ஆதாரமே இல்லாதது அல்ல. தேனில் தண்ணீர் வெறும் 17 சதவீதம் அளவில்தான் இருக்கிறது, அதனால் கிருமியின் உடலிலிருந்தே நீரை உறிஞ்சிவிடும். அதன் அமிலத்தன்மையும் கிருமிகளுக்குப் பிடிக்காது. இதற்கெல்லாம் மேல், தேனீ தன் சுரப்பியிலிருந்து சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி ஒன்று இருக்கிறது. பாட்டிலில் இருக்கும்போது அது சும்மா கிடக்கும். புண்ணில் கசியும் நீரில் தேன் கரையத் தொடங்கியதும் வேலையை ஆரம்பித்து, சிறுகச் சிறுக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். நியூசிலாந்தின் மனுகா தேனில் கூடுதலாக மெத்தில்கிளையாக்சால் என்ற பொருளும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 3,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 26 பரிசோதனைகளை அலசியது. மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான சில கட்டுகளைவிடத் தேன் போட்டால் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்றும், அறுவை சிகிச்சைக்குப் பின் சீழ் பிடித்த புண்ணிலும் பலன் தெரிகிறது என்றும் அது சொன்னது.

ஆனால் மருத்துவமனையில் புண்ணுக்குப் போடும் தேன் வேறு. அது காமா கதிர் பாய்ச்சி வித்துகளைக் கொன்ற தேன். சூடாக்கினால் நொதி கெட்டுவிடும் என்பதால்தான் கதிர்வீச்சு. உங்கள் வீட்டு பாட்டிலில் அந்த வித்துகள் உயிரோடு இருக்கலாம். தினமும் எத்தனை கரண்டி அதில் போய் வந்தது என்பதும் தெரியாது. சரி, மருத்துவத் தேனே வாங்கிப் போடலாமா? சர்க்கரை நோயாளியின் கால் புண்ணுக்கு அதுவும் வேண்டாம். கால் புண்ணுக்கென்றே உள்ள சர்வதேசப் பணிக்குழு 2023 வழிகாட்டுதலில், இந்தப் புண்ணை ஆற்றுவதற்குத் தேனைப் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. அங்கே பிரச்சினை மேலே எதைத் தடவுவது என்பது இல்லை. அந்த இடத்தில் விழும் பாரத்தைக் குறைக்க வேண்டும். காலுக்கு ரத்தம் சரியாக வருகிறதா, எலும்பில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செத்த தோலை நீக்க வேண்டும். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஆகவே நாளைக்கே அழைத்துப் போங்கள். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தாலோ, நாற்றம், காய்ச்சல், கறுத்த தோல் இருந்தாலோ நாளை வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இப்போது டீ. இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். சமையலறைத் தராசில் காலிக் கிண்ணத்தை வைத்து, அம்மாவையே "ஒரு ஸ்பூன்" தேன் எடுத்து ஊற்றச் சொல்லுங்கள். சர்க்கரையை ஸ்பூனில் எடுத்தால் தட்டி, வழித்து, அளவாக எடுப்போம். தேன் அப்படி இல்லை. ஸ்பூனுக்கு மேலே குமிழ்ந்து நிற்கும், அடியில் ஒட்டிக்கொண்டு வரும், பாட்டிலிலிருந்து நூலாக இழுத்துக்கொண்டே இருக்கும். கிண்ணத்தில் விழுந்ததைப் பார்த்தால் பத்து கிராமைத் தொட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. சரியாக வழித்து எடுத்த ஒரு டீஸ்பூன் தேனே 7 கிராம் எடை. அதில் ஏறக்குறைய ஐந்தே முக்கால் கிராம் சர்க்கரை, 21 கலோரி. வழித்து எடுத்த ஒரு டீஸ்பூன் சர்க்கரை 4 கிராம், 16 கலோரி. அதாவது ஸ்பூனுக்கு ஸ்பூன் மாற்றியதால், அம்மா முன்பைவிட அதிகச் சர்க்கரையைத்தான் குடிக்கிறார்.

தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். அதில் பிரக்டோஸ் 38 சதவீதம், குளுக்கோஸ் 31 சதவீதம் என்ற அளவில் இருக்கும், பூவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஓர் உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் கிளைசிமிக் இன்டெக்ஸ் என்ற அளவுகோலில் வெள்ளைச் சர்க்கரை 65, தேன் சராசரியாக 60-ஐ ஒட்டி. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு "தேன் சுகரை ஏற்றாது" என்று சொல்ல முடியாது. தேனில் பிரக்டோஸ் சற்று அதிகம் என்பதால் ரத்தத்தில் குளுக்கோஸ் கொஞ்சம் மெதுவாக ஏறலாம். வீட்டு குளுக்கோமீட்டர் குளுக்கோஸை மட்டுமே அளக்கும், பிரக்டோஸ் அதன் கண்ணில் படாது. அது நேரே கல்லீரலுக்குப் போகும். அதிகமானால் கொழுப்பாக மாறி, டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்புப் பரிசோதனையில்தான் தலைகாட்டும். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதல், குறைக்க வேண்டிய சர்க்கரைகளின் கணக்கில் தேனையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

தேன் சர்க்கரையைக் குறைக்கிறது என்று செய்தி படித்தேனே என்று கேட்பீர்கள். 2022-இல் டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 18 பரிசோதனைகளைச் சேர்த்து அலசினார்கள், மொத்தம் 1,105 பேர். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பும் ஓரளவு குறைந்ததாக வந்தது உண்மைதான். ஆனால் அதில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்கள், மொத்தத்தில் இனிப்பைக் குறைவாகச் சாப்பிட்டவர்கள். இனிப்பே சேர்க்காதவர்கள் இதற்காகத் தேனை ஆரம்பிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே சேர்ப்பவர்கள் அதற்குப் பதிலாக மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அவர்களே சொன்னார்கள். தலைப்புச் செய்தியில் அந்த வரி இடம்பெறவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவோடு வாதாட வேண்டாம். ஒரு நாள் தேன் போட்ட டீக்கு முன்பும் ஒரு மணி நேரம் கழித்தும் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் அதே நேரம், இனிப்பில்லாத டீயோடு. இரண்டு நாள் எண்களையும் அவரே தன் கையால் எழுதட்டும். இன்னொன்றும் சொல்லுங்கள். மாத்திரையால் சர்க்கரை திடீரென்று 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்கினால் உடனே என்ன கொடுக்கச் சொல்கிறோம்? சர்க்கரை, பழச்சாறு, அல்லது ஒரு மேசைக்கரண்டி தேன். கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்கிறோம். சுகரைச் சட்டென்று ஏற்றுவதற்காகவே கொடுக்கிற பொருளை, சுகரை ஏற்றாது என்று தினமும் குடிப்பது எப்படிச் சரியாகும்? இந்த ஒரு உபயோகத்துக்காக அம்மா பக்கத்தில் தேன் பாட்டில் இருப்பது நல்லதே. நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

இனி நல்ல செய்தி. உங்கள் மகனுக்கு நீங்கள் கொடுப்பது ஆராய்ச்சியும் ஒப்புக்கொண்ட வைத்தியம். 2007-இல் அமெரிக்காவில் இரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான 105 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். சளி, இரவு இருமல் உள்ளவர்கள். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு சிலருக்குத் தேன், சிலருக்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்ற இருமல் மருந்து, சிலருக்கு ஒன்றுமில்லை. காலையில் பெற்றோரைக் கேட்டபோது தேன் கொடுத்த பிள்ளைகளுக்குத்தான் நல்ல மதிப்பெண். 2012-இல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயது வரையிலான 300 குழந்தைகளுக்கு 10 கிராம் தேன் கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு பிரிவுக்கு, தேனைப் போலவே தோன்றும் பேரீச்சைப் பாகு. அதிலும் தேன் முந்தியது. பாகு குடித்த குழந்தைகளும் ஓரளவு தேறினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சளி இருமல் தானாகவே ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டுதான் வரும். தேன் செய்வது அந்த நாட்களின் இரவைச் சுலபமாக்குவது. எனக்கு இதுவே போதுமான காரணம். இந்த வயதுக் குழந்தைகளுக்குக் கடையில் வாங்கும் இருமல் சிரப்பில் பலன் குறைவு, தொந்தரவு அதிகம்.

ஐந்து வயதுக்கு அரை டீஸ்பூன் முதல் ஒரு டீஸ்பூன் வரை, படுக்க அரை மணி நேரம் இருக்கும்போது கொடுங்கள். வெறுமனே நக்கலாம், வெதுவெதுப்பான நீரிலும் கலக்கலாம். கொடுத்த பிறகு பல் தேய்க்க வையுங்கள். இரவு முழுக்கப் பல்லில் ஒட்டியிருக்கும் தேன், பல் சொத்தைக்கு மிட்டாயைப் போலத்தான். வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தாலோ, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, இருமல் மூன்று வாரத்தைத் தாண்டினாலோ தேனை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் காட்டுங்கள். இரவு இருமலோடு விசில் போன்ற சத்தம் கேட்டால் அது ஆஸ்துமாவாகவும் இருக்கலாம்.

கைக்குழந்தையின் சளிக்கு மூக்கில் சலைன் (உப்பு நீர்) சொட்டும், அடிக்கடி பாலும் போதும்.

உங்கள் காலைத் தேன் நீரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொழுப்பைக் கரைக்கும் சக்தி தேனுக்கு இல்லை. ஒரு மேசைக்கரண்டி தேன் 64 கலோரி, 17 கிராம் சர்க்கரை. நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் கூடுதல் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவில் மூன்றில் இரண்டு பங்கு விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. முன்பு காலையில் இனிப்பான பானம் குடித்துவிட்டு, இப்போது அதை நிறுத்தி இதற்கு மாறியதால் எடை குறைந்திருந்தால், பெருமை நிறுத்தியதற்குத்தான் சேரும். பிடித்திருந்தால் ஒரு டீஸ்பூன் கலந்து குடியுங்கள். சத்துக்காகக் குடிப்பதாக மட்டும் நினைக்க வேண்டாம். 100 கிராம் தேனில் இரும்புச்சத்து அரை மில்லிகிராமைக்கூடத் தொடாது. ஆன்டிஆக்சிடன்ட்கள் உண்டு, நிறம் அடர்ந்த தேனில் கொஞ்சம் கூடுதலாகவும் உண்டு. ஆனால் ஸ்பூன் கணக்கில் கிடைப்பதைவிட ஒரு பழத்தில் அதிகம் கிடைக்கும்.

விஷமாகும் கதைக்கும் ஒரு வேர் இருக்கிறது. தேனைச் சூடாக்கினால் ஹைட்ராக்சிமெத்தில்பர்பியூரல் என்ற பொருள் உண்டாகிறது, சுருக்கமாக எச்எம்எஃப். பழைய தேனிலும், அதிகம் சூடாக்கிய தேனிலும் இது கூடும் என்பதால் தரத்தை அளக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். சர்வதேச உணவுத் தரத்தில் உச்சவரம்பு கிலோவுக்கு 40 மில்லிகிராம், வெப்ப நாட்டுத் தேனுக்கு 80. இந்த வரம்பு விஷத்துக்காக வைத்தது இல்லை, தேன் புதிதா, சூடு காட்டியதா என்று பார்க்க வைத்தது. காபியிலும், சுட்ட ரொட்டியின் மேல்தோலிலும் இதே பொருள் தாராளமாக இருக்கிறது. வெந்நீரில் ஒரு ஸ்பூன் கலப்பதால் நறுமணமும் நொதியும் கொஞ்சம் போகும், வேறொன்றும் ஆகாது.

கடைசியாக அந்த வெள்ளைக் கட்டி. அது கலப்படத்துக்கு அடையாளம் அல்ல. குளுக்கோஸ் தண்ணீரில் பிரக்டோஸ் அளவுக்குக் கரையாது, அதனால் நாள்பட நாள்படப் பிரிந்து படிகமாகிறது. குளுக்கோஸ் அதிகமுள்ள பூந்தேன் சீக்கிரமே கட்டும், குளிர்ச்சியில் இன்னும் சீக்கிரம். 14 டிகிரி அளவில்தான் மிக வேகம். கட்டவே கட்டாத தேனும் சுத்தமாக இருக்கலாம், கட்டிய தேனிலும் கலப்படம் இருக்கலாம். தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எல்லாம் வேடிக்கைக்குச் சரி. கெட்டியாகக் காய்ச்சிய பாகும் தண்ணீரில் சிந்தாமல் அடியில்தான் போய் நிற்கும். கரும்பு, மக்காச்சோளப் பாகைக் கலந்திருந்தால் கார்பன் ஐசோடோப் பரிசோதனை காட்டிவிடும். அரிசிப் பாகு அதற்குத் தப்பிவிடும் என்பதால் என்எம்ஆர் போன்ற கருவிகள் வரைக்கும் போகிறார்கள். வீட்டில் கண்டுபிடிக்க வழியில்லை.

பாட்டிலைக் கை பொறுக்கும் சூடான தண்ணீரில், 40 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம். அறை வெப்பத்தில், மூடியை இறுக்கி வையுங்கள். ஈரக் கரண்டி படக் கூடாது. தண்ணீர் 20 சதவீதத்தைத் தாண்டினால் தேனிலேயே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொண்டு புளிக்க வைத்துவிடும். நுரையும் புளித்த வாடையும் வந்தால் கொட்டிவிடுங்கள். வெறும் கட்டிதான் என்றால் தாராளமாகச் சாப்பிடலாம்.